இத்தலார் சாலையில் ஆடும் முட்கள்

பழைய கார் வைத்திருப்பவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, பரிதாபப்படுகிறவர்களும் உண்டு. இரண்டும் நியாயந்தான்! உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் அப்படி ஒரு வண்டி இருக்கலாம். தாத்தா வாங்கிய அம்பாஸடராக இருக்கலாம். மாமாவின் கல்யாண ஊர்வலத்தில் மாலை போட்டுக்கொண்டு வந்த பியட்டாக இருக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டாகக்கூட இருக்கலாம். எதுவாயிருந்தாலும் சரி, அதை ஒரு முறை நீலகிரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வண்டியின் குணம் சமவெளியில் தெரியாது, மலையில்தான் தெரியும். மனிதர்களும் அப்படித்தானே?

மலை ஏறும்போது உங்களோடு ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவை, ஸ்டியரிங்குக்கு எதிரே கண்ணாடிக்குள் இருக்கும் அந்த நாலைந்து முட்கள். வேகம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, என்ஜினின் சூடு எவ்வளவு, எண்ணெய் ஓடுகிறதா, பாட்டரிக்குச் சோறு கிடைக்கிறதா என்று அவை சொல்லிக்கொண்டே வரும். அந்த முட்களே வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தால்? யார் பேச்சை நம்பி வண்டி ஓட்டுவது? இதைத்தான் இந்த வாரம் உங்களை இத்தலாருக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

உதகமண்டலத்தைத் தெரியாதவர் இல்லை. ஏரி, தாவரத் தோட்டம், மலை ரயில் எல்லாம் பார்த்தாயிற்று. மே மாதக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாக்லேட்டும் வாங்கியாயிற்று. ஆனால் ஊரை விட்டு மேற்கே திரும்பி, முத்தோரை பாலாடா வழியாக இத்தலார் போகும் சாலையில் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் நீலகிரியில் பாதியைப் பார்க்கவில்லை என்று தயங்காமல் சொல்லுவேன்.

முத்தோரையில் ஓர் அதிசயம் இருக்கிறது. மலைச் சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு ராட்சதத் தொட்டிலைப் படுக்கப் போட்டாற்போல ஒரு ரேடியோ தொலைநோக்கி. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பின் யோசனையில் உருவாகி 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. வேறெங்கும் இல்லாமல் இந்தச் சரிவை ஏன் தேடிப் பிடித்தார்கள் தெரியுமா? மலையின் சாய்வு சுமார் 11 டிகிரி. இந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். ஆகவே தொலைநோக்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனால் போதும், வானத்து நட்சத்திரத்தை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரலாம். எத்தனையோ கோடி மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய முணுமுணுப்பை, பூமியின் கூச்சலிலிருந்து பிரித்துக் கேட்பதே அதன் தொழில். நிஜக் குரல் எது, வெறும் இரைச்சல் எது என்று பிரிப்பது! உங்கள் வண்டியின் முட்களோடு நீங்கள் செய்யவேண்டியதும் அதே வேலைதான், சிறிய அளவில்.

அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு முழுவதும் காய்கறி. கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட். பச்சைப் பட்டில் கரை வைத்துத் தைத்தாற்போலப் படிப்படியாக வயல்கள். அவற்றுக்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே கற்பூர மரங்கள். வரிசை வீடுகளும் அவற்றுக்கு முன்னே முற்றமுமாகப் படுகர்களின் ஹட்டிகள். ஹட்டி என்றால் அவர்கள் மொழியில் ஊர். இத்தலாரும் அப்படிப்பட்ட ஓர் ஊர்தான். இன்னும் கொஞ்சம் போனால் எமரால்டு அணை வந்துவிடும். குந்தா மின்சாரத் திட்டத்தில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தேசம் கை கொடுத்து உதவிய காலத்து அணைகளில் அது ஒன்று.

சரி, இந்த ஊருக்கும் கார் முள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. முதலாவது, ஈரம். இரண்டு பருவ மழையும் இந்த மலையை விடுவதில்லை. மழை இல்லாத நாளில் மூடுபனி. பனி இல்லாத நாளில் கறையானைப் போலச் சத்தமில்லாமல் உலோகத்தைத் தின்னும் குளிர்ந்த காற்று. இரண்டாவது, வளைவும் மேடும். மூன்றாவது, உயரம். பழைய வண்டியின் மீட்டர்களுக்கு இந்த மூன்றும் மூன்று பரீட்சைகள்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முள் ஆடுவதெல்லாம் மீட்டரின் கோளாறு அல்ல. சில சமயம் முள் உண்மையைத்தான் சொல்கிறது. ஆடுவது வண்டிக்குள்ளே இருக்கும் சமாசாரம். டாக்டர் நாடி பார்க்கும்போது நாடி துடித்தால், அவர் விரலுக்கா மருந்து போடுவார்கள்?

எண்ணெய் அழுத்த முள்ளை எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் இருப்பது குழாய் வழியாக எண்ணெயே நேரே வந்து தள்ளும் பழைய ரகமானால், அதற்குள்ளே பிறை வடிவில் வளைந்த ஒரு சிறு குழல் இருக்கும். 1849-ல் பிரான்சு தேசத்துக்காரரான பூர்தோன் என்பவர் கண்டுபிடித்த குழல். உள்ளே அழுத்தம் ஏறினால் குழல் நிமிரப் பார்க்கும், முள் நகரும். ரயில் என்ஜின் பாய்லரிலும் இதே தத்துவந்தான். இந்த முள் லேசாக அதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் செங்குத்தான வளைவில் திரும்பும்போதெல்லாம் சட்டென்று கீழே விழுந்து, நேர்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி எழுந்தால், அது மீட்டரின் பொய் அல்ல. எண்ணெய் குறைந்துவிட்டது, திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்புக்குக் காற்றுத்தான் கிடைக்கிறது. உடனே ஓரமாக நிறுத்தி, அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். மீட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ஜின் போய்விடும்.

சூட்டு முள்ளும் அப்படித்தான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நன்றாக அழுத்திப் பிடித்தால் இதைச் சமாளிக்கும். மூடியின் ரப்பர் நைந்து போயிருந்தால் சமாளிக்காது. ஆகவே கோயமுத்தூரில் "பரவாயில்லை" என்று நீங்கள் விட்டுவிடும் அதே சூடு, மலையில் ஆவியாகக் கிளம்பும். முள் ஏறினால் நிறுத்துங்கள். ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கத் துணியாதீர்கள், முகம் வெந்துபோகும்.

இப்போது நிஜமான கோளாறுகளுக்கு வருவோம். இத்தலாரில் சாலை ஓரமாக வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தால் போதும், தனியாக இருக்கமாட்டீர்கள். கம்பளிச் சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் எங்கிருந்தோ வந்து நிற்பார். "என்னங்க, வண்டிக்கு என்ன உடம்புக்கு?" என்பார். இந்த மலையில் ஜீப்பையும் லாரியையும் கட்டி மேய்த்தவர்கள் அநேகம் பேர். மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியற்காலையில் கிழங்கு மூட்டை போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை போய்விடும். நடுவழியில் வண்டி நின்றால் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு உட்கார முடியாது. ஆகவே தாங்களே கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "ஒரு முள்ளு ஆடுதா, எல்லாமே ஆடுதா?"

ஆயிரம் ரூபாய் பெறும் கேள்வி அது!

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து தவறாகக் காட்டினால், இரண்டு மீட்டரும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று நினைப்பது மூடத்தனம். இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு. 1960-களுக்குப் பிறகு வந்த பல பிரிட்டிஷ் மாதிரி வண்டிகளில் அந்தப் பொதுவான ஆசாமிக்கு 'வோல்டேஜ் ஸ்டெபிலைசர்' என்று பெயர். தீப்பெட்டியை விடச் சிறிய தகரப் பெட்டி. மீட்டர் பலகைக்குப் பின்னே ஒளிந்துகொண்டிருக்கும். பாட்டரியிலும் டைனமோவிலும் மின்சாரம் பதினொன்று, பதினாலு வோல்ட் என்று ஏறி இறங்கும். அது எப்படி ஆடினாலும், மீட்டர்களுக்குச் சராசரியாகப் பத்து வோல்ட்தான் போய்ச் சேரவேண்டும் என்று பார்த்துக்கொள்வது இதன் உத்தியோகம்.

எப்படிச் செய்கிறது என்கிறீர்களா? இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு உள்ளே இருக்கிறது. சூடானால் ஓர் உலோகம் அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும், தகடு வளைந்துவிடும். தகட்டைச் சுற்றிய கம்பி மின்சாரத்தால் சூடாகும். தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் தொடும். விட்டு விட்டு, விட்டு விட்டு, வண்டி ஓடும் வரை இதே வேலை. மீட்டருக்குள் இருப்பதும் இதே மாதிரித் தகடுதான். அது மெதுவாகத்தான் வளையும் என்பதால் இந்த விட்டு விட்டு வரும் மின்சாரம் முள்ளில் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், தட்பவெப்பத்தால் கடிகாரம் தப்பாமல் இருக்கச் செய்த தந்திரத்தின் பேரப்பிள்ளை இது.

இந்தப் பெட்டியின் உடம்பு வண்டியின் தகரத்தோடு நன்றாக ஒட்டி 'எர்த்' ஆகவேண்டும். இத்தலார் ஈரத்தில் அந்த ஒற்றை ஆணி துருப்பிடித்தால் போதும். பெட்டி தன் வேலையை நிறுத்தி முழு வோல்ட்டையும் திறந்துவிடும். இரண்டு முட்களும் உள்ளதை விட அதிகமாகக் காட்டும். சாலைக் குலுக்கலில் ஆணி தொட்டும் தொடாமலும் இருந்தால், முட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்.

மருந்து மிகவும் மலிவு. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மீட்டர் பலகைக்குப் பின்னே கைவிடுவதற்கு முன் இது கட்டாயம். ஏனென்றால், அம்மீட்டருக்குப் போகும் தடித்த கம்பிக்குப் பல பழைய வண்டிகளில் ப்யூஸ் கிடையாது. ஸ்பானர் பட்டால் தீப்பிடிக்கும். ஆணியைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்குங்கள். மேலே துளி வாசலைன் தடவுங்கள். அவ்வளவுதான். பெட்டியில் 'மேல்பக்கம்' என்று குறியிருந்தால் அந்தப் பக்கம் மேலேயே இருக்கட்டும்; தலைகீழாக வைத்தால் உள்ளே சூடு பரவும் விதமே மாறிவிடும். வேலை செய்கிறதா என்று பார்க்க, சிறு விளக்கு ஒன்றை அது வெளிவிடும் பக்கம் கோத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஆனால் மீட்டரைச் சோதிக்கிறேன் என்று அதை நேரே பாட்டரியில் வைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி கருகிவிடும்.

பெட்டியே செத்துப்போயிருந்தால்? சக்கரமும் தகடும் இல்லாத மின்னணு ஸ்டெபிலைசர்கள் இப்போது கிடைக்கின்றன. பழைய தகரக் கூட்டுக்குள்ளேயே அவற்றை வைத்துத் தைத்துவிடும் கைகாரர்கள் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் பாஸிடிவ் பக்கம்தான் எர்த். அதைப் பார்க்காமல் புதுசைப் பொருத்தினால் புதுசும் போய்விடும்.

இனி, ஒரே முள்; அதுவும் பெட்ரோல் முள். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளிக் குதித்து எழுந்தால், உங்களுடையது இரண்டு கம்பிச்சுருள்கள் வைத்த பழைய ரகம். நிதானமாக, பல்லக்கில் ஏறுவதுபோல ஏறினால், தகடு வைத்த புதிய ரகம். பழைய ரகத்தில், வளைவில் பெட்ரோல் தளும்பினால் முள்ளும் தளும்பும். அது இயல்பு, சமதரையில் நிறுத்தித்தான் அளவு பார்க்கவேண்டும். ஆனால் ஒரு ரகசியம். இந்தப் பழைய பிரிட்டிஷ் ரகங்களில் பெரும்பாலானவற்றில், பெட்ரோல் தொட்டியின் எர்த் விட்டுப்போனால் முள் 'நிறைவு' என்று காட்டும்! தொட்டியில் சொட்டு இல்லாதபோதும் நிறைந்த தொட்டி!

இங்கேதான் விளையாட்டு வினையாகிறது. ராத்திரி பத்து மணி. மூடுபனி. வீட்டுப் பெரியவருக்கு மார்வலி. ஹட்டியிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் இருப்பது அந்தப் பழைய வண்டி. முள்ளைப் பார்த்தால் முக்கால் தொட்டி. நம்பிக் கிளம்புகிறீர்கள். பாதி வழியில் வண்டி இரண்டு தும்மல் தும்மி நின்றுவிடுகிறது. பிறகு யாரை நொந்துகொள்வது? இல்லாததை இல்லை என்று சொல்லும் முள்ளால் ஆபத்தில்லை. உங்களைப் பம்புக்குத்தான் அனுப்பும். இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறதே, அந்த முள்தான் சத்துரு.

சோதனை சுலபம். சாவி அணைந்திருக்கும்போது தொட்டிக் கம்பியைக் கழற்றி எதிலும் படாமல் ஒதுக்கி வையுங்கள். சாவியைத் திருப்புங்கள். பழைய ரகமானால் முள் நிறைவுக்குப் போகவேண்டும். சாவியை அணைத்து, அந்தக் கம்பியை வண்டித் தகரத்தோடு கட்டிவிட்டு மறுபடி திருப்பினால், காலிக்கு வரவேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் யோக்கியன், கம்பியும் யோக்கியன். குற்றவாளி தொட்டிப் பக்கம். சாவி திருப்பியிருக்கும்போது கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். தொட்டியின் மேல் இருக்கும் மிதவைக் கருவியின் ஆணியிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி இழுத்துக் கட்டிவிட்டால், பத்தில் ஒன்பது வண்டிகளுக்கு நோய் தீரும். அப்படியும் ஓரிடத்தில் மட்டும் முள் தடுமாறினால், மிதவையின் கை தேய்த்துத் தேய்த்து உள்ளே இருக்கும் கம்பி அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக வேக முள். 1902-ல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை வாங்கிய அதே தத்துவந்தான் இன்றும் உங்கள் தாத்தா வண்டியில் ஓடுகிறது. கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கிண்ணம், தொடாமலே இழுபடுகிறது. மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. தொடாமல் இழுக்கும் இந்த அன்பில் கோளாறு வருவதில்லை; கேபிளில்தான் வரும். மெதுவாகப் போகும்போது முள் கூத்தாடி, வேகத்தில் அடங்கினால் கேபிள் காய்ந்துவிட்டது. மார்கழி விடியலில் உறைபனி படிந்திருக்கும்போது 'கீச்' என்று கத்தினால் பழைய கிரீஸ் இறுகிவிட்டது.

உள் கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, மேஜைமேல் உருட்டிப் பாருங்கள். துள்ளாமல் உருண்டால் நல்லது. துள்ளினால் எங்கோ முறிந்து வளைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். கிராபைட் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். மீட்டர் பக்கத்துக் கடைசி எட்டு அங்குலத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். கேபிள் எங்கேயும் சட்டென்று ஒடிந்து திரும்பக்கூடாது. இத்தலார் சாலையைப் போல நிதானமாகத் திரும்பவேண்டும்.

அம்மீட்டர் முள், வண்டி நின்றபடி ஓடும்போது கொஞ்சம் துடிக்கும். டைனமோவைக் கட்டுப்படுத்தும் தொடர்புகள் அதிர்வதால் அப்படி. வேகமெடுத்தும் துடித்தால் டைனமோவின் கார்பனையும் பெல்ட்டையும் பாருங்கள்.

"இத்தனை பாடு எதற்கு? எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நம்பர் காட்டும் பலகை ஒன்று வைத்துவிடலாமே!" என்று சொல்கிறவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் அம்பாஸடர் பிறப்பது 2014-ல் நின்றுபோயிற்று. ஹெரால்டு நின்று அரை நூற்றாண்டு ஆயிற்று. பிடுங்கி எறிந்த மீட்டர் மறுபடி பிறக்காது. ஐம்பது வயது கடந்து, மூல உருவம் மாறாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்காரே விதி வகுத்திருக்கிறது. துருப்பிடித்த ஓர் ஆணிக்காகத் தாத்தா பார்த்த கண்ணாடியைக் குப்பையில் போடுவானேன்?

மனம் ஒப்பாவிட்டால், மலை இறங்கும்போது கோவை அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியத்துக்குள் ஒரு மணி நேரம் போய்விட்டு வாருங்கள். 2015-ல் திறந்தது. அங்கே வரிசையாக நிற்கும் வண்டிகளின் முட்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாலே ஒரு நூற்றாண்டின் கைவேலை தெரியும். அதே கோவைப் பக்கம், பெரியநாயக்கன்பாளையத்தில், 1975 முதல் வாகன மீட்டர்கள் செய்துவரும் பிரிகால் தொழிற்சாலையும் இருக்கிறது. நம் ஊர் விரல்களுக்கு இந்தக் கலை புதிதல்ல.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதிகாலையில் கிளம்புங்கள், பத்து மணிக்குள் பள்ளத்தாக்கில் பனி விலகும் அழகைப் பார்த்துவிடலாம். பெட்டியில் ஒரு சோதனை விளக்கு, உப்புத்தாள், கொஞ்சம் கம்பி, பல் வாஷர் நாலு, வாசலைன் டப்பி இருக்கட்டும். முள் என்ன சொன்னாலும் ஊட்டியில் தொட்டியை நிரப்பிக்கொண்டே புறப்படுங்கள். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். வழியில் கேரட் கழுவும் இடத்தில் நிறுத்தினால், ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு கேரட்டைக் கையில் கொடுப்பார்கள், கடித்துக்கொண்டே கிளம்புங்கள்!